படுத்திருந்த நேரம்

2024 ஏப்ரல் 18 இரவு. மதுரைக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் நாங்கள் மூன்று பெண்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம். மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல். மூவருமே வாக்குச்சாவடிப் பணிக்கு வந்த ஆசிரியைகள். வெவ்வேறு பள்ளிகள், முன்பின் அறிமுகமில்லை. விடியற்காலையில் அடிகுழாய்ப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எங்களில் இளையவர் தயங்கியபடி என்னிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ராத்திரி நீங்க குறட்டை விட்டீங்க. அதுகூடப் பரவாயில்ல. நடுவுல நடுவுல மூச்சே நின்னு போகுது. அப்புறம் திணறிக்கிட்டு வருது. எனக்குப் பயமாப் போச்சு. ரெண்டு தடவை உங்களப் புரட்டி ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். டாக்டர்கிட்ட காமிங்க."

எனக்கு அப்போது வயது 51. திருமணமாகி 26 ஆண்டுகள். ஒரே அறையில், ஒரே கட்டிலில் உறங்கும் கணவர் இருக்கிறார். ஆனாலும் என் மூச்சு நிற்பதை ஒரு மனிதர் கேட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. சொன்னவர் பெயர்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளாக நான் ஒரே வாக்கியத்தைப் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "ரொம்ப அசதியா இருக்கு." காலையில் எழும்போதே தலை வலிக்கும். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கண் சொருகும். மதியம் முதல் பாடவேளையில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது ஒரு விநாடி எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. சொன்ன இடங்களில் கிடைத்த பதில்கள்: இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு பரிசோதனை, "மாதவிடாய் நிக்கிற வயசும்மா", "டென்ஷன் இல்லாம இருங்க". சக ஆசிரியைகளிடம் சொன்னால், "எனக்கும்தான் டீச்சர்" என்பார்கள். வீட்டில் சொன்னால், "சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே?"

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வெளியிட்ட நூலில் சாட்சிய அநீதி என்ற ஒன்றை விளக்குகிறார். சொல்பவர் யார் என்பது பற்றிய முன்முடிவால் அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைத்துக் கொடுப்பது ஓர் அநீதி. அது அவரை அறியும் திறனுள்ள மனிதராக நடத்தாத அநீதி என்பது அவர் வாதத்தின் சாரம். என் கதைக்கும் இது பொருந்தும் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படியே பொருந்தவில்லை. யாரும் என்னைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. நான் அசதியாக இருக்கிறேன் என்பதை எல்லாரும் உடனே நம்பினார்கள். நம்பியதுதான் சிக்கல். ஐம்பது வயதுப் பெண் அசதியாக இருப்பது அவர்களுக்கு ஒரு செய்தியே அல்ல. ஆண் ஒருவர் பகலில் தூங்கி விழுந்தால் அது அறிகுறி. பெண் தூங்கி விழுந்தால் அது பெண்ணின் இயல்பு. சொல்லை நம்பாமல் விடுவது ஓர் அநீதி. நம்பிவிட்டு, "அப்படித்தான் இருக்கும்" என்று கணக்கில் எடுக்காமல் விடுவது வேறோர் அநீதி. பெண்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் வாய்க்கிறது.

தூக்கத்தில் மூச்சுத் தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா, எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுப்பாதை சுருங்கி அல்லது அடைத்துப் போகிறது. நெஞ்சு மூச்சை இழுக்க முயல்கிறது, காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி உடலைக் கண நேரம் எழுப்பிவிடுகிறது, மூச்சு திரும்புகிறது. காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று எண்ணிச் சொல்கிறார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் இயல்பு. ஐந்திலிருந்து பதினைந்து வரை லேசானது, பதினைந்திலிருந்து முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இதற்கான வாய்ப்பு கூடுகிறது. பல பெண்களிடம் இது குறட்டையாக வெளிப்படாமல் அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்று வெளிப்படுகிறது. அதனால் மருந்தும் அவற்றுக்கே கிடைக்கிறது.

ஆனால் இந்த நோய்க்கு உலகம் வைத்திருந்த முகம் ஆணின் முகம். டிக்கன்ஸின் முதல் நாவலில் எப்போதும் தூங்கி வழியும் பருத்த பையன் ஒருவன் வருவான். 1956இல் மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு மூச்சுக் கோளாறுக்கு வைத்தார்கள். பிறகு நெடுங்காலம் தூக்க மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள். மருத்துவமனைக்கு வருபவர்களை எண்ணாமல், வேலைக்குப் போகும் சாதாரண மக்களை அழைத்துத் தூங்கவைத்து எண்ணியது அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு. டெரி யங் என்ற பெண் ஆய்வாளரின் தலைமையில் 1993இல் வெளியானது. 30 முதல் 60 வயதுக்காரர்களில் ஆண்கள் 24 சதவீதம் பேருக்கும், பெண்கள் 9 சதவீதம் பேருக்கும் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடைகள் இருந்தன. பகல் தூக்கமும் சேர்ந்து இருப்பவர்களை மட்டும் எடுத்தால் ஆண்கள் 4, பெண்கள் 2. ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பெண்களுக்கு அரிது என்பது பொய். அதே குழு 1997இல் இன்னொன்றையும் சொன்னது. நடுத்தரம் முதல் தீவிரம் வரை நோய் இருந்தும் கண்டறியப்படாதவர்கள் ஆண்களில் 82 சதவீதம், பெண்களில் 93.

மருத்துவர் முதலில் எனக்கு இரண்டு கேள்வித்தாள்கள் கொடுத்தார். ஒன்றில் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால் ஒரு மதிப்பெண். அதில் ஒரு கேள்வி: நீங்கள் ஆணா? நான் இல்லை என்று எழுதினேன். ஒரு மதிப்பெண் போயிற்று. இன்னொரு கேள்வி: உறக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? தேர்தல் பணி மட்டும் இல்லாதிருந்தால் அதற்கும் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். அந்தக் கேள்வி, உறங்குபவர் பக்கத்தில் விழித்திருக்கும் ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆண்கள் பலருக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். நானே இருந்திருக்கிறேன். என் கணவரின் குறட்டை எந்தப் பக்கம் படுத்தால் குறையும், மழைக்காலத்தில் எப்படி மாறும் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்வித்தாள் 1991இல் ஆஸ்திரேலியாவில் உருவான எப்வொர்த் அளவுகோல். எட்டுச் சூழ்நிலைகளில் நீங்கள் தூங்கி விழ எவ்வளவு வாய்ப்பு? உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, சூழ்நிலை இடம் கொடுத்தால் பிற்பகலில் படுத்திருக்கும்போது... மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் அது மிகைத் தூக்கம். எனக்கு 7. உண்மையைத்தான் எழுதினேன். நான் சும்மா உட்காருவதில்லை. டிவி ஓடும்போது பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். பிற்பகலில் படுக்கச் சூழ்நிலை இடம் கொடுத்த நாள் எது என்று யோசித்தேன். இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு அம்மா வீட்டில் இருந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. நின்றுகொண்டே தூங்குபவளைப் பற்றி அந்தத் தாளில் கேள்வி இல்லை.

ஆனாலும் மருத்துவர் நல்லவர். அந்த இளம் ஆசிரியை சொன்னதைக் கேட்டுவிட்டு, "வீட்டிலேயே ஒரு ராத்திரி டெஸ்ட் பண்ணிடலாம்மா" என்றார்.

மாலையில் ஒரு பையன் சின்னப் பெட்டியோடு வந்தான். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று. மூக்கில் செருகும் மெல்லிய குழாய். கொரோனா காலத்தில் எல்லா வீட்டுக்கும் பழகிப்போன விரல் கிளிப். நைட்டியின் மேல் பட்டையைக் கட்டிக்கொள்வதை அவன் தன் சட்டைமேல் கட்டிக் காட்டினான். "எப்பவும் போல தூங்குங்க மேடம். கூடுமான வரை எழுந்திரிக்காதீங்க," என்றான். எப்பவும் போல என்பதும் எழுந்திரிக்காதே என்பதும் ஒரே இரவில் எப்படிச் சாத்தியம் என்று அவனிடம் கேட்கவில்லை. எப்போது படுத்தேன், எப்போது விழித்தேன் என்று எழுத ஒரு தாளும் கொடுத்தான்.

என் மாமியாருக்கு 84 வயது. இரவில் இரண்டு முறையாவது கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ஒரு மணி வாக்கில், "தாயி..." என்று அத்தை கூப்பிட்டது என்னைத்தான். நான் கணவரைத் தட்டி எழுப்பினேன். அவர் போனார். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கைப் போட்டாரா? வாசற்படியில் அத்தை கால் வைக்கும் இடத்தைச் சொன்னாரா? தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்ததா? திரும்பக் கட்டிலில் படுக்கவைத்தாரா, உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டாரா? அவர் வந்து படுத்து ஐந்து நிமிடத்தில் தூங்கிப் போனார். நான் ஐம்பது நிமிடம் விழித்திருந்தேன். மூன்றரைக்கு மறுபடி விழிப்பு வந்தது. அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை. பிடிக்க வேண்டியவர் அவர்தான் என்று பேசிவைத்திருந்தோம். அலாரம் அடிக்குமா, அவர் எழுவாரா என்று ஐந்து மணி வரை படுத்தபடியே காத்திருந்தேன். அலாரம் அடித்தது. அவர் எழுந்தார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நான்தான் தூங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. மணிக்கு 4.5. ஐந்துக்குக் கீழே, இயல்பு. "ஒண்ணும் இல்லம்மா," என்றார் மருத்துவர். எனக்கு அழுகை வந்தது. நோய் இல்லை என்றதற்கு அழும் மனநிலையைப் பெண்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். இனி என் அசதிக்கு என்னைத் தவிர வேறு காரணம் இல்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா.

நான் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்துபவள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பகுதி மாறினால் மதிப்பு மாறும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். மொத்தத் தடைகள் 29. பதிவான நேரம் இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்து வரை, ஆறரை மணி. 29ஐ ஆறரையால் வகுத்தால் 4.5 தான். ஆனால் அந்த ஆறரை மணி நேரம் நான் தூங்கிய நேரமா? என் தாளை எடுத்தேன். ஆரம்பத்தில் தூக்கம் வராமல் எழுபது நிமிடம். அத்தை எழுந்தபோது ஐம்பது. தண்ணீருக்காகத் தொண்ணூறு. ஆக 210 நிமிடம் விழித்திருக்கிறேன். தூங்கியது மூன்று மணி நேரம். 29ஐ மூன்றால் வகுத்தால் 9.7.

"டாக்டர், இது நான் தூங்கினேனா முழிச்சிருந்தேனான்னு இந்த மிஷினுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சற்று நிதானித்து, தெரியாது என்றார். வீட்டுக்குக் கொடுக்கும் இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. காற்று, நெஞ்சின் அசைவு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு ஆகியவற்றையே பார்க்கின்றன. படுத்திருந்த நேரத்தையே தூங்கிய நேரமாக எடுத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் பெரிதாகக் குறையாமல், மூளை மட்டும் விழித்துக்கொள்ளும் தடைகளையும் அவை தவறவிடும்; பெண்களுக்கு அந்த வகைத் தடைகள் ஒப்பீட்டளவில் அதிகம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, சந்தேகம் வலுவாக இருந்து வீட்டுச் சோதனையில் இல்லை என்று வந்தால் அதோடு நிறுத்தாமல் ஆய்வகத்தில் முழுச் சோதனை செய்யச் சொல்கிறது. எனக்கும் செய்தார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு இரவு. மாமியார் இல்லை, குழாய் இல்லை. முடிவு: மணிக்கு 18. நடுத்தரம்.

கருவியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஐந்தாறு ஆண்டு என் வாய்ச்சொல் செய்யாததை ஒரு எண் ஒரே நாளில் செய்தது. எண்ணை நான் மதிக்கிறேன். என் பிழைப்பே அது. நான் கேட்பது பகுதியைப் பற்றி. படுத்திருந்தாள், ஆகவே தூங்கினாள் என்பது அந்தக் கருவி கண்டுபிடித்த விதி அல்ல. அது எங்கள் வீட்டு விதி. எல்லா வீட்டு விதியும் அதுதான். "பத்தரைக்கே படுத்துட்டாளே!" என்று சொல்லும்போது பகுதியில் என் விழிப்பும் ஓய்வாகச் சேர்க்கப்பட்டுவிடுகிறது. வகுத்து வரும் விடையில் என் பாடு சின்னதாகத் தெரிகிறது.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள் என்று வந்தது. அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டிப் போவதை வேலை என்று எண்ண முடியும். கூட்டிப் போகாத இரவில் கேட்டுக்கொண்டே படுத்திருப்பதை எப்படி எண்ணுவது? கை சும்மா இருக்கிறது. காதும் மனமும் வேலை செய்கின்றன.

இதில் என் கணவரைக் குற்றவாளி ஆக்க முடியுமா என்று பல நாள் யோசித்தேன். உறங்குபவர் எப்படி மற்றவர் மூச்சைக் கேட்பார்? தூக்கத்தில் நடந்ததற்கும் நடக்காததற்கும் யாரையும் பொறுப்பாக்குவது நியாயம் அல்ல. இது சரியான வாதம். ஆனால் ஆழ்ந்த தூக்கம் என்பது தானாக விளையும் பொருள் அல்ல. எதற்கும் எழ வேண்டாம், வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் அது விளைகிறது. சோற்றைப் போலவே தூக்கமும் ஒரு வீட்டுக்குள் பங்கிடப்படுகிறது. கடைசியில் சாப்பிடுபவளே கடைசியில் தூங்குகிறாள், முதலில் எழுகிறாள். அவர் என் மூச்சைக் கேட்காததில் தவறில்லை. 26 ஆண்டுகளாக அவர் தூக்கத்துக்கு யார் காவல் இருந்தார் என்று கேட்காததில் தவறு இருக்கிறது. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. "நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தது நான்தான்.

என் பங்கு அதைவிடப் பெரியது. என் அம்மா குறட்டை விடுவார். சிறு பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் எனக்கு அவமானமாக இருக்கும். பொம்பளை குறட்டை விடலாமா என்று சித்தப்பா சிரிப்பார். நான் அம்மாவை உலுக்கி எழுப்புவேன்: "ஏம்மா இப்படி மானத்த வாங்குற?" அதன்பின் அம்மா, மற்றவர்கள் தூங்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பகலில் அரிசி புடைக்கும்போது தூங்கி விழுவார். தூங்குமூஞ்சி என்பது எங்கள் வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர். அம்மாவுக்கு இந்த நோய் இருந்ததா என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் அவர் மூச்சைப் பக்கத்திலிருந்து கேட்ட ஒரே சாட்சி நான். நான் கேட்டது அவர் மூச்சை அல்ல, ஊர் என்ன சொல்லும் என்பதை. அந்த இளம் ஆசிரியையும் என்னைத் தொட்டார், நானும் என் அம்மாவைத் தொட்டேன். அவர் தொட்டது நான் மூச்சு விடுவதற்காக. நான் தொட்டது அம்மா சத்தம் போடாமல் இருப்பதற்காக.

எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்க வரும் பெண்கள் விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு அக்கா தூணில் சாய்ந்து அப்படியே தூங்கிவிடுவார். "பாரு, வந்த இடத்துல தூக்கத்த" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரும். நானும் சிரித்திருக்கிறேன். வீட்டுச் சோதனைக்கும், ஆய்வக இரவுக்கும், மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவிக்கும் என் சம்பளத்தில் என்னால் கட்ட முடிந்தது. அவருக்கு அந்தப் பின்னத்தை யார் போட்டுப் பார்ப்பார்கள்? கருவி என்னை நம்பவைத்தது என்று சொல்லும்போது, கருவிக்குப் பணம் கட்ட முடியாதவரை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால் எண் வரும்வரை காத்திருப்பது நியாயம் அல்ல. போன மாதம் அவரிடம், "காலைல தலை வலிக்குமாக்கா?" என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது எப்பவும் வலிக்கும் டீச்சர்," என்றார். அரசு மருத்துவமனைக்கு என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்.

இப்போது முகத்தில் மூடியை மாட்டிக்கொண்டு, கருவியின் சன்னமான இரைச்சலில் தூங்குகிறேன். அத்தை கூப்பிட்டால் சில நாள் எனக்குக் கேட்பதே இல்லை. கணவர் எழுகிறார். முதல் சில வாரம் அது எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. அத்தையும், "தாயி" என்பதற்குப் பதில் இப்போது மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டார்.

அந்த இளம் ஆசிரியையின் எண்ணைத் தேடிப் பிடித்து நன்றி சொன்னேன். "அய்யோ, இதுக்குப் போயி எதுக்கு டீச்சர்," என்றவர், சற்றுத் தயங்கி, "அன்னிக்கு நான் குறட்டை விட்டேனா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று காவல் இருந்தது அவர். நான் தூங்கியவள். அடுத்த தேர்தலிலாவது பக்கத்துப் பாயில் படுத்துக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.